ஈரம் பட்டால் முதலிலிருந்து

கணவர் போய் மூன்றாம் நாள் சூப்பர்வைசர் துக்கம் விசாரிக்க வந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கொடுத்த தேநீரைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டுச் சொன்னார்:

"என்னம்மா பண்றது. நான் சொன்ன வைத்தியத்தை ஒழுங்கா செஞ்சிருந்தா கால் ஆறியிருக்கும். மனுஷன் அலட்சியமா விட்டுட்டாரு."

அவள் எழுந்தாள். கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அதைக் கழுவாமல் குப்பைக்கூடையில் போட்டாள். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் இறங்காத தொண்டையில் அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு இறங்கியது.

அவள் கணவருக்குப் பெரிய சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்பும் ஓட்டல் துண்டும் மலை மலையாக வரும் இடம். அலசுகிற தொட்டியடியில் வடிகால் அரைகுறையாகத்தான் வடியும். ஒன்பது மணி நேரமும் கணுக்கால் தண்ணீரில். விரலிடுக்குகள் வெளுத்து, ஊறி, வெடித்தன. ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார். சொந்தமாக வாங்கிப் போட்டுக்கொள்ளவா என்றும் கேட்டார். வெளியிலிருந்து வரும் பூட்ஸால் துணி அழுக்காகும் என்று சொல்லிவிட்டார்கள்.

பூட்ஸுக்குப் பதிலாகச் சுவரில் ஒரு தாள் வந்தது. 'கால் நோய்களுக்கு வீட்டு வைத்தியம்.' கண்ணாடித்தாள் உறை போட்டு, அடியில் சூப்பர்வைசர் கையெழுத்தும் முத்திரையும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் இருபது நிமிடம் கால் வைக்கவும். விரலிடுக்கை மெல்லிய துணியால் ஒற்றவும். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவி, காயும் வரை காத்திருக்கவும். கால் ஆணிக்குப் பூண்டு, குதிகால் வெடிப்புக்குத் தேன்மெழுகு. கடைசி வரி: ஈரம் பட்டால் மறுபடி முதலிலிருந்து செய்யவும். அன்று முதல் முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசருக்கு 'வைத்தியர்' என்று பெயர்.

கணவர் அதை வரி விடாமல் எழுதிக்கொண்டு வந்தார். அவளும் வரி விடாமல் செய்தாள். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். சுண்டுவிரலைத் துடைக்கும்போது மட்டும் அவர் காலை இழுத்துக்கொள்வார். "விடுடி, கூசுது." கூச்சம் நின்றுபோன அன்று வீக்கம் கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது. அப்போதும் தாளை நம்பி இரண்டு நாள் மஞ்சள் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

அந்த இரண்டு நாள் தன் தலையில் என்று அவளுக்குத் தெரியும். மற்ற நாளெல்லாம் யார் தலையில் என்றும் தெரியும்.

அடுத்த மாதம் கணவரின் இடத்திலேயே வேலை கேட்டுப் போனாள். வைத்தியருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "நம்ம குடும்பம் மாதிரிதானேம்மா" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். துணி மடிக்கும் மேசையில் இருந்தவளுக்கு வாய் ஓயாது. அதனால் 'ரேடியோ' என்று பெயர். அவள்தான் முதல் நாளே இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அண்ணன் நின்ன இடத்துலயே நிக்கப் போறீங்களா? மனசுல என்ன வச்சிருக்கீங்க?"

"உப்பு இருக்கு, மஞ்சள் இருக்கு. நாள்தான் பார்க்கணும்."

நாள் தானாக வந்தது. ஆஸ்பத்திரியின் ஆயிரத்து இருநூறு விரிப்பு மாலை நாலு மணிக்குள் லாரி ஏற வேண்டும். காலை ஒன்பதரைக்கு அவள் அந்தத் தாளின் அடியில் ஸ்டூலைப் போட்டு, பேசினில் வெந்நீரை விளாவி, கால் இரண்டையும் உள்ளே வைத்தாள்.

வைத்தியர் ஓடி வந்தார். "ஏம்மா, என்ன இது கூத்து?"

"விரலிடுக்குல புண்ணு சார். வைத்தியம் பண்றேன். இருபது நிமிஷம்."

"அது வீட்ல பண்றதும்மா!"

"வீட்ல பண்ணி முடிச்சேன். இங்க வந்ததும் ஈரம் பட்டுடுச்சு. பட்டா முதல்லேருந்துன்னு எழுதியிருக்கீங்களே."

ரேடியோ தன் பேசினோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சார், எனக்கு ஆணி. பூண்டு உரிச்சுத் தர்றீங்களா, கை ஈரமா இருக்கு."

சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. பதினோரு மணிக்குள் இருபத்து மூன்று பேர். கால் காய்ந்ததும் எல்லாரும் ஒழுங்காக எழுந்து வேலைக்குத்தான் போனார்கள். நாலடி வைப்பதற்குள் தண்ணீர். உடனே பயபக்தியோடு திரும்பி வந்து மறுபடி உப்பைக் கரைத்தார்கள். சலவை இயந்திரங்கள் முடிந்தது முடிந்தது என்று மணியடித்துக் கத்திக்கொண்டே இருந்தன. உள்ளே விரிப்பெல்லாம் முறுக்கிக் கிடந்தது. வைத்தியர் தாளைப் பிய்க்கப் பார்த்தார். நாலு மூலையும் ஆணியடித்தது, நகம்தான் பிய்ந்தது.

"அதுக்கும் மஞ்சள் வைங்க சார்," என்றாள் ரேடியோ.

பன்னிரண்டு மணிக்கு முதலாளி வந்தார். வரிசையாக மஞ்சள் கால்களைப் பார்த்தார்.

"யார் சொல்லி இதெல்லாம்?"

இருபத்து மூன்று கைகளும் சுவரைக் காட்டின. முதலாளி தாளை மேலிருந்து கீழே படித்தார். முத்திரை வரைக்கும் வந்து நின்றார். வெளியே முன்கூட்டியே வந்துவிட்ட லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான்.

"சரி. என்ன வேணும், சீக்கிரம் சொல்லுங்க."

"ஆளுக்கொரு ஜோடி பூட்ஸ்," என்றாள் ரேடியோ.

"நாளைக்கு வரும். எழுந்திருங்க."

எல்லாரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

"உனக்கென்னம்மா?"

"அலசுற தொட்டிகிட்ட இவர் நிக்கணும். வெறுங்காலோட. சாயங்காலம் வரைக்கும்."

முதலாளி வைத்தியரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "அவ்வளவுதானே? இறங்குய்யா."

"சார், எனக்கு வயசு..."

"என் வீட்டுக்காரருக்கு நாப்பத்தி நாலு," என்றாள் அவள். அன்று அவள் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

வைத்தியர் காலுறையைக் கழற்றினார். பஞ்சு போல வெளுத்த கால். விரல்களுக்கு இடையே ஒரு கீறல் கிடையாது. தண்ணீருக்குள் இறங்கும்போது முகத்தைச் சுளித்தார். அவள் எதிரே நின்று, சாயங்காலம் வரை கண்ணை எடுக்காமல் விரிப்புகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நாலு மணிக்கு லாரி போனது. ஆறு மணிக்கு அவர் மேலே ஏறினார். கால் இரண்டும் ஊறிச் சுருங்கியிருந்தன. துண்டுக்காகக் கையை நீட்டினார். யாரும் தரவில்லை.

மறுநாள் லாரிக்காரன் வண்டியிலிருந்து இரண்டு நடையாக அத்தனை பூட்ஸையும் கொண்டுவந்து கொட்டிவிட்டான். இரண்டு தெரு தள்ளி ஒரு கடையாம். வாங்கிவர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அரை மணி நேரம்! மூட்டையைப் பார்த்தபடி அவள் நின்றாள். ரேடியோ பூட்ஸ் போட்ட காலோடு தண்ணீரில் குதித்து ஆடினாள்.

வைத்தியர் வந்தார். முதலாளி கூடவே வந்து, தொட்டிக்கு ஆள் குறைவு என்றும், இனி இவரும் அங்கேதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வைத்தியர் தலையைக் குனிந்தபடி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு ஜோடியை எடுத்தார்.

அவள் அதை வாங்கி மறுபடி உள்ளே போட்டாள்.

"உங்களுக்கெதுக்கு சார் பூட்ஸ்? உங்களுக்குத்தான் வைத்தியம் தெரியுமே."

யாராவது ஏதாவது சொல்வார்களா என்று அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் பூட்ஸ் மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு அவர் இறங்கினார்.

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.