வணக்கத்திற்குரிய

இந்த நகரத்தில் எந்த மேயருக்கும் எழுந்து நிற்காத ஒரே குடிமகன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, வரலாறு தவறாகப் பதிவாகிவிடக் கூடாதே என்ற கவலையில் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பங்கு முழுவதையும் அப்பாவே நின்று தீர்த்துவிட்டார். மேயருக்கு முன்னால் நடந்து, மன்றக் கூடத்தின் கதவைத் திறந்து, "வணக்கத்திற்குரிய மேயர்!" என்று குரல் கொடுக்கும் தபேதார் அவர். அந்தக் குரலுக்குக் கவுன்சிலர்கள் மொத்தமாக எழுவார்கள். பல் டாக்டர், பஸ் முதலாளி, தலைமையாசிரியை என்று மேயர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பெயர் சொல்லும் வழக்கம் இல்லாததால் அப்பாவுக்கு மனப்பாட வேலை மிச்சம்.

ஒருமுறை பதவியேற்பு பார்க்க என்னையும் கூட்டிப்போனார். புது மேயர் உட்கார்ந்ததும் மாலைகளோடு கூட்டம் அவரை மொய்த்தது. பழைய மேயரான தலைமையாசிரியை, மேசையிலிருந்த குடும்பப் படத்தைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியே வெளியேறினார். ஒருவரும் திரும்பவில்லை. அப்போதுதான் சுவரோர ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் எழுந்தார். சத்தமில்லாமல் உதடு அசைந்தது: வணக்கத்திற்குரிய மேயர்.

"பதவி போனவங்களுக்கு எதுக்குப்பா எந்திரிக்கிற? ஓவர்டைமா?"

"கால் மரத்துப்போச்சுடா. அதான்."

நாளெல்லாம் நிற்கிறவருக்கு, உட்கார்ந்த மாத்திரத்தில் கால் மரத்துப்போன அதிசயத்தைக் கல்லூரி முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

இந்த முறை மேயர் மாறிய அன்று அப்பா ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு கிடந்தார்.

"பழையவரு கெளம்பும்போது யாருடா எந்திரிச்சா?"

"மொத்த மன்றமும்ப்பா. சிலபேரு நாற்காலி மேலயே ஏறி நின்னாங்க."

"போடா, புளுகுமூட்டை." சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "பாவம், தனியாத்தான் போயிருப்பாரு."

அதுதான் அப்பா கடைசியாகப் பேசியது.

மறுநாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வார்டு கதவு திறந்து, தலை வரை வெள்ளைத் துணி மூடிய தள்ளுவண்டி வெளியே வந்தது. ஒரு சக்கரம் கிரீச்சிட்டது. பெஞ்சிலிருந்தவர்கள் வழிவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கண்ணை மட்டும் போனிலிருந்து எடுக்கவில்லை.

நான் எழுந்தேன்.

"நீ உக்காரு தம்பி, கையெழுத்தெல்லாம் அப்புறம் கூப்பிடுவாங்க," என்றார் வண்டி தள்ளுபவர்.

"கால் மரத்துப்போச்சுண்ணே."

வண்டிக்கு முன்னால் நடந்தேன். வராந்தாவின் கடைசியிலிருந்த கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி முதுகால் அழுத்தி நின்றேன். வண்டி நெருங்கியது. குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.