விழுப்புரத்து அம்புக்குறி

சவுரிராயனின் விசிட்டிங் கார்டில் 'சிஸ்டம்ஸ் ஹெட்' என்று தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது. விழுப்புரத்தில் அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள். அவற்றில் மூன்றுக்கு அவர்தான் தலைமை. நான்காவதில் முதலாளியின் மகன் விளையாடிக்கொண்டிருப்பான். அதன் பக்கம் அவர் போவதில்லை.

திண்டிவனத்தில் மாமனார் வீட்டில் மட்டும் இந்தத் தலைமைக்கு எல்லை கிடையாது. டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவதென்றாலும் மாமனார் அமிர்தசாமி அவருக்கு ஒரு போன் போட்டுவிட்டுத்தான் மாற்றுவார். ஆகவே அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சின்ன மகள் லூசியா 'கம்ப்யூட்டரில் ப்ளூடூத்தைக் காணோம்' என்று சொல்லி முடிப்பதற்குள் அமிர்தசாமி மருமகனைக் கூப்பிட்டுவிட்டார்.

லூசியாவுக்குப் பதினொரு மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் வழியாகவே நேர்காணல். சென்னைக் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. கம்ப்யூட்டர் பழுது என்று எழுதி அனுப்புகிறவர்களுக்குப் பதில் எழுதித் தீர்த்துவைக்க வேண்டும். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இரண்டு காதும் மந்தம். காதுக் கருவி போட்டிருந்தாள். கம்ப்யூட்டரிலிருந்து ப்ளூடூத் வழியாகக் குரல் நேரே கருவிக்குள் வந்தால் ஒரு சொல் தப்பாது. ஸ்பீக்கரில் கேட்டால் பாதிதான் புரியும். போன முறை ஸ்பீக்கரை நம்பி உட்கார்ந்து, கேட்காத கேள்விக்கு மூன்று நிமிடம் பதில் சொன்னாள். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். வேலைக்கான கடிதம் வரவில்லை.

இம்முறை விதிகளும் கடுமை. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. கைபேசி கூடாது. பதினொன்று ஐந்துக்கு மேல் உள்ளே வர முடியாது. கருவி போட்டால் தனக்கு நன்றாகக் கேட்கும் என்று விண்ணப்பத்தில் அவளே எழுதியிருந்தாள்.

"டிரைவர் பூட்ச்சி," என்றார் சவுரிராயன் போனில். "யாரும் எதையும் தொடாதீங்க. நான் உள்ள வர்றேன்."

உள்ளே வருவது என்றால், விழுப்புரத்தில் உட்கார்ந்தபடியே திண்டிவனத்துக் கம்ப்யூட்டரை இயக்குவது. அதற்கான மென்பொருளைப் போன ஈஸ்டருக்கு வந்தபோது அவரே போட்டுவைத்தார். கடவுச்சொல் அவருடைய திருமணத் தேதி. திரையில் அம்புக்குறி தானாக அசைந்ததும் அமிர்தசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அம்புக்குறி 'டிவைஸ் மேனேஜர்' என்பதற்குப் போனது. கம்ப்யூட்டரில் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று காட்டும் பட்டியல் அது. அதில் ப்ளூடூத் என்ற தலைப்பே இல்லை. உறுப்பை இயக்கும் நிரலான டிரைவர் கெட்டிருந்தால் மஞ்சள் குறியோடு பெயராவது இருக்கும். பெயரே இல்லையென்றால் பொருளே இல்லை என்றுதான் அர்த்தம், பெட்டியின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று லூசியா சொன்னாள்.

மஞ்சள் குறிகூட இல்லையென்றால் டிரைவர் ரொம்ப ஆழத்தில் கெட்டிருக்கிறது என்று சவுரிராயன் விளக்கினார்.

"மாப்ள சொல்றாரு இல்ல," என்றார் அமிர்தசாமி. "நீ கம்முனு இரு."

அம்புக்குறி ஓர் இணையதளத்தைத் திறந்தது. அதில் ஏழு இடங்களில் 'டவுன்லோட்' என்று பச்சைப் பொத்தான்கள். இருப்பதிலேயே பெரியதை அமுக்கியது. எங்கிருந்தோ ஒரு சோதனை நிரல் வந்து இறங்கி, இந்தக் கம்ப்யூட்டரில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு குறைகள் என்று சிவப்பில் அறிவித்தது. பார்த்தீர்களா என்று சவுரிராயன் கேட்டார். குறைகளையெல்லாம் அவரே பெற்று வளர்த்ததுபோலக் குரலில் ஒரு பெருமிதம். பிறகு யாரோ ஒரு கம்பெனியின் ப்ளூடூத் டிரைவரை இறக்கிப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்துத் திறக்கவைத்தார்.

திரை நீலமானது. அணைக்க வேண்டாம் என்றது. பன்னிரண்டு சதவீதம் என்றது. வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

லூசியா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். பத்து இருபத்தொன்று. முப்பது சதவீதம். அப்பா, போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளைக்கு நேரடி வர்ணனை கொடுத்தார். இதெல்லாம் நல்ல அறிகுறிதான் என்று விழுப்புரம் பதில் சொன்னது. பத்து முப்பத்தேழுக்குத் திரை திரும்பியது. ப்ளூடூத் திரும்பவில்லை.

"இன்னாமோ ஒண்ணு குறுக்க நிக்குது," என்றார் சவுரிராயன். அம்புக்குறி பட்டியலில் மேலும் கீழும் அலைந்தது. 'வயர்லெஸ்' என்று தொடங்கும் ஒரு பெயரில் நின்றது.

"மாமா, அது நெட்டு," என்றாள் லூசியா.

"ப்ளூடூத்துக்கு ஒயர் இருக்குதா? இல்ல இல்ல? அப்ப அதுவும் வயர்லெஸ்தான்."

நீக்கு என்பதை அமுக்கினார். அம்புக்குறி அப்படியே உறைந்தது. வீட்டில் இணையம் போய்விட்டது. இணையத்தில் ஏறி வந்தவரும் அதோடு போய்விட்டார். தான் உட்கார்ந்திருந்த கிளையை வெட்டியவர் என்ன சொல்வார் என்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை.

"வேணும்னேதான் கட் பண்ணேன்," என்று பிறகு சொன்னார். "பழைய டிரைவர் வெளிய போவணும் இல்ல? நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. நான் பஸ் ஏறி ஜல்தி வந்துடறேன்."

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு எந்த பஸ்ஸும் பதினெட்டு நிமிடத்தில் வந்ததில்லை. மணி பத்து நாற்பத்திரண்டு. லூசியா அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கி, நீங்கள் வருகிற வரைக்கும் தொடமாட்டேன் மாமா என்று சத்தியம் போலச் சொல்லி, அணைத்து, அப்பாவிடமே கொடுத்து, வாசலில் போய் உட்காரச் சொன்னாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

முதலில், புதிய உறுப்புகளைத் தேடு என்று பட்டியலுக்குக் கட்டளை கொடுத்தாள். நீக்கப்பட்டது நான்கு நொடியில் தானாக வந்து உட்கார்ந்தது. இணையம் வந்தது.

பிறகு பெட்டியை இழுத்தாள். வீட்டுச் செப பீடத்துக்குக் கீழே, பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி இருந்த பெட்டி அது. அம்மா அமலோற்பவமேரி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"பாத்தும்மா. மாதா லைட்டு எரிஞ்சிக்கினு இருக்குது."

மேலே வேளாங்கண்ணி மாதா சுரூபத்தைச் சுற்றிப் புதிதாக ஒரு சின்ன நீல விளக்கு எரிந்தது. அதன் ஒயர் சுவரோரமாக இறங்கி, கம்ப்யூட்டரின் முதுகில், ப்ளூடூத் அடாப்டர் இருக்க வேண்டிய ஓட்டையில் செருகியிருந்தது. கம்ப்யூட்டருக்கு ப்ளூடூத் தருகிற, நகம் அளவுள்ள அந்த அடாப்டரைக் காணோம்.

நேற்று சாயங்காலம் செபம் முடிந்ததும் மகளின் நேர்காணலுக்காகப் போட்ட விளக்கு என்று அம்மா சொன்னாள். மற்ற ஓட்டைகளில் ஒயர் இருந்தது. இதில் மட்டும் சும்மா ஒரு கறுப்பு மூடி. தூசி போகாமல் இருக்க வைத்திருப்பார்கள் என்று பிடுங்கிப் பத்திரமாக வைத்தாளாம்.

"எங்கம்மா வச்ச?"

அது நினைவில்லை.

பத்து நாற்பத்தெட்டு. செபமாலை டப்பா. மெழுகுவர்த்தித் துண்டுகள் கிடந்த பிஸ்கட் டின். பீடத்தின் இழுப்பறை, அதில் குருத்து ஞாயிறு ஓலைச் சிலுவைகள், காலி தீர்த்தக் குப்பிகள், மின்சார அட்டை. லூசியா எல்லாவற்றையும் தரையில் கொட்டித் தேடினாள். கோபப்படலாமென்றால் அந்த விளக்கு குறுக்கே எரிந்துகொண்டிருந்தது. கடைசியில், மந்திரித்த எண்ணெய்ப் புட்டியின் மூடிக்குப் பக்கத்தில், மூடிகளோடு மூடியாக அது கிடந்தது. மூடிகளை அம்மா ஒரே இடத்தில்தான் வைப்பாள்.

விளக்கை உருவினாள். அம்மா நெஞ்சில் கை வைத்தாள். பன்னிரண்டு மணி வரைக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்ளச் சொன்னாள் லூசியா. அடாப்டரைச் செருகினாள். பட்டியலில் ப்ளூடூத் வந்தது, மஞ்சள் குறியோடு. சவுரிராயன் போட்டுவிட்டுப் போன டிரைவர் முந்திக்கொண்டு வந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை நீக்கினாள், கோப்புகளையும் சேர்த்து நீக்கும்படி குறியிட்டாள். அடாப்டரைப் பிடுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி செருகினாள்.

மஞ்சள் இல்லை.

காதுக் கருவிகளை அணைத்துத் திறந்தாள். பத்து ஐம்பத்தெட்டுக்கு, கருவி கம்ப்யூட்டரோடு இணைந்ததன் அடையாளமாகக் காதுக்குள் மூன்று மணியோசை ஏறுவரிசையில் ஒலித்தது.

நேர்காணல் செய்தவர்கள் இரண்டு பேர். அருணா என்ற பெண், ராஜ்குமார் என்றொருவர். அருணாவின் வளையல் மேசையில் உரசுவதுகூட லூசியாவுக்குக் கேட்டது. கேட்ட கேள்விக்கே பதில் சொன்னாள். இருபது நிமிடம் போனது தெரியவில்லை. அடுத்தது எழுத்துத் தேர்வு. கோபக்கார வாடிக்கையாளர் ஒருவரின் புகாரைக் கொடுத்து, அவளுடைய திரை அவர்களுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு பதில் எழுதச் சொன்னார்கள்.

இரண்டு வரி எழுதியிருப்பாள். அம்புக்குறி தானாக அசைந்தது.

இணையம் திரும்பியதை விழுப்புரம் கண்டுகொண்டது. பஸ் ஏறுவதாகச் சொன்னவர் நாற்காலியை விட்டே எழவில்லை. திரையின் நடுவில் ஒரு வெற்றுத்தாள் திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'லூசி, பயப்படாத. மாமா உள்ள வந்துட்டேன். ப்ளூடூத் ரெடி பண்ணிட்டேன். கேள்வி எதனா தெரியலன்னா இங்க அடி.'

காதுக்குள் அருணாவின் வளையல் உரசல் நின்றது. அதுவும் மிகத் தெளிவாகக் கேட்டது.

"யாரும்மா அது?" என்றார் ராஜ்குமார். குரலில் இதுவரை இருந்த கனிவு இல்லை.

இணையத்தைத் துண்டித்தால் நேர்காணலும் துண்டாகும். மறைக்கிறாள் என்றும் ஆகும். லூசியா உள்ளதைச் சொன்னாள். அக்கா வீட்டுக்காரர், விழுப்புரத்தில் இருக்கிறார், காலையில் ப்ளூடூத் சரிசெய்ய வந்தார், இப்போது வருவார் என்று தெரியாது.

"அவரை வெளிய அனுப்புங்க," என்றார் அருணா. "நாங்க பார்த்துக்கிட்டு இருக்கோம்."

லூசியா அந்த மென்பொருளை மூடப் போனாள். அம்புக்குறியை அவர் அந்தப் பக்கம் இழுத்தார். இவள் இந்தப் பக்கம் இழுத்தாள். அவர் டிவைஸ் மேனேஜரைத் திறந்தார். அம்புக்குறி இறங்கி, 'வயர்லெஸ்' என்று தொடங்கும் பெயரின் மேல் மறுபடி நின்றது. பழைய டிரைவர் வெளியே போனதா என்று பார்க்கிறார் போலும்.

லூசியா சுட்டியை விட்டுவிட்டு வெற்றுத்தாளில் வேகமாகத் தட்டினாள்.

'வணக்கம் மாமா. ப்ளூடூத் இப்ப நல்லா கேக்குது. இவ்ளோ நேரம் கூட இருந்ததுக்கு நன்றி. ஒரே ஒரு வேல பாக்கி. இது நிலைச்சி நிக்கணும்னா உங்க பக்கத்துலருந்து கனெக்‌ஷன முடிக்கணும். அத நீங்கதான் பண்ண முடியும்.'

அம்புக்குறி நின்றது. ஏதோ யோசிப்பதுபோல நின்றது. பிறகு எழுத்துகள் விழுந்தன.

'தெரியும். அதுக்குத்தான் வந்தேன்.'

அவர் போய்விட்டார். லூசியா அந்த மென்பொருளையும் பச்சைப் பொத்தான் கொண்டுவந்ததையும் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்தாள். புகாருக்குத் திரும்பினாள். விட்ட இடத்திலிருந்து மூன்றாவது வரியைத் தொடங்கினாள்.

"அதை எழுத வேண்டாம்," என்றார் அருணா.

லூசியா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அவ்வளவுதான் என்று எழப்போனாள்.

"ஒருத்தருக்கு எழுதினீங்களே, அதையே விடையா எடுத்துக்கறோம். தினமும் இப்படி நாற்பது பேர் வருவாங்க."

ராஜ்குமார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. தன்னால்தான் வந்தது என்று மாதாவும் சொல்லவில்லை, லூசியாவும் சொல்லவில்லை. மீதமிருந்த ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மனைவி ஆரோக்கியசெல்வியோடு திண்டிவனத்துக்கு வந்து, மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, டிரைவர் எவ்வளவு ஆழத்தில் கெட்டிருந்தது என்று கையால் அளந்து காட்டினார். மாதா விளக்கு இப்போது சுவர் பிளக்கில் எரிந்தது. பெட்டியின் முதுகும் வெளியே தெரியும்படி திரும்பியிருந்தது. பேசிக்கொண்டே, போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடி அதன் பக்கம் குனிந்தார்.

"இது இன்னா, மூடியா?" என்று அடாப்டரை நகத்தால் நெம்பினார்.

லூசியா கையைப் பிடித்துத் தடுப்பதற்குள், தட்டில் முறுக்கோடு வந்த அமலோற்பவமேரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மாப்ள."