இருவருக்கும் மேலே ஒரு பெட்டி

குடிநீர் நிறுவனத்தின் புதிய மென்பொருளில் படிநிலை போட்ட காலையிலிருந்து, மீட்டர் பார்ப்பவள் பேசுவது அவள் கணவனுக்குக் கேட்காமல் போயிற்று. காதில் கோளாறு ஒன்றுமில்லை. வெளிவேலைக்குப் போகும் ஆட்களையெல்லாம் திரையில் பெட்டி பெட்டியாக அடுக்கி, யாருக்கு மேலே யார் என்று கோடு இழுத்திருந்தார்கள். அவள் மீட்டர் பிரிவு, அவன் குழாய் பழுதுப் பிரிவு. இரண்டு கோடுகளும் மேலாளரின் பெட்டியில்தான் போய்ச் சேர்ந்தன. ஆகவே அவள் அடுப்படியில் நின்று, "பால் தீந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க" என்றால், நகரத்தின் மறுகோடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த மேலாளருக்கு அது கேட்டது. அவர் ஒப்புதல் கொடுத்த பிறகே கணவன் பையை எடுத்தான்.

மற்றவர்கள் இதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மேலாளருக்குத்தான் தலைகால் புரியவில்லை. மனுஷனுக்கு எவ்வளவு கொழுப்பு பாருங்கள்: "ஞாயித்துக்கிழமை எங்கயாவது போலாமா?" என்று அவள் கேட்டதை, ஆள் பற்றாக்குறை என்று நிராகரித்தார். "உன்கிட்ட பேசி ரொம்ப நாளாச்சு" என்று கணவன் சொன்னதை, வேலைக்குச் சம்பந்தமில்லை என்று நிறுத்தியே வைத்துவிட்டார். அதையும் ஒருநாள் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. படிநிலை போட வந்திருந்த கணினிப் பெண்ணிடம் நேராகப் போனாள். அந்தப் பெண் வெளியாள், எந்தப் பெட்டியிலும் இல்லை; அவளிடம் பேச யார் தயவும் தேவைப்படவில்லை.

"எங்களுக்கு நடுவுல இந்த ஆள் எதுக்கு? எடுத்து விடும்மா."

"உங்களை வீட்டுக்காரருக்குக் கீழ போட்டுரட்டுமாக்கா? நேராப் பேசிக்கலாம்."

"கீழயா? கல்யாணத்தன்னைக்கே அதுக்கு ஒத்துக்காதவ நான்."

"அப்ப அவரை உங்களுக்குக் கீழ?"

"அதுவும் வேணாம். எனக்கு மேல அவர், அவருக்கு மேல நான். போடு."

போட்டாள். ஏற்க முடியாது என்று திரை சிவந்தது. மீட்டர் பார்ப்பவள் 'சேமி' பொத்தானில் விரலை வைத்தாள், வைத்தவள் எடுக்கவே இல்லை. வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று மேலாளர் குதித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. பெருக்குகிறவர்கள் அவளைச் சுற்றிப் பெருக்கினார்கள், யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். கணவன் தினமும் சோறு கொண்டுவந்து ஊட்டினான். அவன் சொன்ன ஒரு வார்த்தையும் அவளைச் சேரவில்லை. மேலாளர் எல்லாவற்றையும் நிராகரித்துக்கொண்டே இருந்தார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவன், ஒருநாள் அவள் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினான். அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.

திரை சிவந்தது, வெளுத்தது, ஏற்றுக்கொண்டது. இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று மேலே போய் நின்றன. அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கழுத்து வலித்தது.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது, கத்தாத" என்றான். அப்போதுதான் அவள் அழுதாள்.

வருஷம் திரும்புவதற்குள் மற்றவர்களும் அப்படியே மாற்றிக்கொண்டார்கள். மேலாளரின் பெட்டிக்கு ஒரு கோடும் மிஞ்சவில்லை. அவர் பேசுவது இப்போது யாருக்கும் கேட்பதில்லை. வாய் அசைவதைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டுப் போகிறார்கள். பேச ஒப்புதல் கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பம் மீட்டர் பார்ப்பவளின் கைப்பேசியில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இருவரும் எங்கேயாவது கிளம்பிப் போய்விடுகிறார்களே.