நல்லசிவம் வீட்டு ஈஸ்ட்

நல்லசிவத்துக்கு மஞ்சள் காமாலை வந்தது தொண்ணூற்றாறு கார்த்திகையில். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பியபோது டாக்டர் கொடுத்த சீட்டில், மருந்துகளின் பெயர்களுக்கெல்லாம் மேலே, முதல் வரியாக, மது ஒரு சொட்டுகூடக் கூடாது, ஆயுளுக்கும் என்று எழுதியிருந்தது. அவர் மனைவி முத்துலட்சுமி அந்தச் சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். அதே ஃப்ரிட்ஜுக்குள்தான் ஈஸ்டும் இருந்தது.

நல்லசிவம் அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடி ஊதுகிறவர். விஞ்ஞானிகள் படம் போட்டுக் கொடுக்கிற குழாய்களையும் குடுவைகளையும் நெருப்பில் காட்டி, ஊதி, வளைத்துக் கொடுப்பது வேலை. எண்பத்தெட்டில் அவரைப் பயிற்சிக்காக எட்டு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் தங்கியிருந்த வீட்டுக்காரக் கிழவர் தனக்கு வேண்டிய பீரைத் தானே காய்ச்சிக்கொள்கிறவர். திருநெல்வேலிக்காரரான நல்லசிவம் அதுவரை பீரைத் தொட்டதில்லை. கிழவரிடம் குடிக்கவும் கற்றுக்கொண்டு காய்ச்சவும் கற்றுக்கொண்டார். புறப்படும் அன்று கிழவர் தன் ஈஸ்டில் கொஞ்சத்தை ஒரு வடிதாளில் தடவி, உலர்த்தி, கவரில் போட்டுக் கொடுத்தாராம்.

ஈஸ்ட் என்பது தயிருக்கு உறை மோர் மாதிரி. ஒருமுறை காய்ச்சியதில் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த முறைக்கு விட வேண்டும். கடையில் வாங்கிப் போடலாம், ஆனால் ருசி அந்தந்த ஈஸ்டோடது என்பார் நல்லசிவம். அடியில் தங்குவதை ஒரு ஜாடியில் ஊற்றி வைப்பார். ஜாடி என்றைக்காவது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று, மூல ஈஸ்டை நான்கு சோதனைக் குழாய்களில் பஞ்சடைத்துத் தனியாகவும் வைத்திருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குழாய்களைப் புதுப்பிக்க வேண்டும். இப்படி எட்டு வருஷம் அதைச் சாகவிடாமல் வைத்திருந்தார்.

அவரோடு உட்கார்ந்து குடிக்க இரண்டு பேர். ஒருவர் அய்யாதுரை. தி.நகரில் பாத்திரக்கடை, நல்லசிவத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். இன்னொருவன் நான். பெயர் ராஜகோபாலன். அடையாறில் ஒரு வங்கிக் கிளையில் ஆபீசர், வீடு மந்தைவெளி. டிராஃப்ட் எடுக்க வந்து போனதில் நல்லசிவம் பழக்கமானார்.

மாதத்தில் மூன்றாம் ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு அவர் வீட்டில் கூடுவோம். உமி நீக்காத பார்லி கிண்டியில் பந்தயக் குதிரைகளுக்குத் தீனி கொடுக்கிறவரிடமிருந்து வரும். அதை ஈரச் சாக்கில் முளைக்கட்டி, மாடியில் காயவைத்து, வாணலியில் வறுப்பார். ஒவ்வொரு முறையும் மூன்று வகை இருக்கும். இளவறுப்பில் ஒன்று, நன்றாகச் சிவக்க வறுத்து அய்யாதுரை கொண்டுவரும் கருப்பட்டி சேர்த்தது ஒன்று, கேழ்வரகு கலந்தது ஒன்று. மூன்றையும் குடித்து, ஒப்பிட்டு, ஒரு நோட்டில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவோம். வீட்டில் காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் வெளியே சொல்லவில்லை.

நல்லசிவத்தின் நாக்கு வேறு மாதிரி. காய்ச்சிய தண்ணீர் லாரித் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா என்று சொல்லிவிடுவார். வறுக்கும்போது யார் கிளறினார்கள் என்றுகூட ஒருமுறை சொன்னார். எங்கள் இருவருக்கும் நல்லது, சுமார் என்பதற்குமேல் சொல்லத் தெரியாது. தெரிய வேண்டியிருக்கவும் இல்லை. அவர் இருந்தார்.

தை பிறந்து வேலைக்குப் போக ஆரம்பித்த வாரமே மறுபடி அடுப்பை மூட்டிவிட்டார். எனக்கு ஃபோன் செய்து, தான் குடிக்கப்போவதில்லை, நாங்கள் குடித்துச் சொன்னால் போதும் என்றார். மாசியில் போனோம். ஆள் பாதியாகியிருந்தார். சட்டை தோளில் தொங்கியது, கண்ணோரங்களில் இன்னும் மஞ்சள். காமாலைக்குப் பிறகு வாசனையும் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. தாளிக்கிற வாசனைகூடக் குமட்டுகிறது என்றார் முத்துலட்சுமி. புளிக்கிற எதற்கும் பக்கத்தில் அவரால் நிற்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, நாங்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இளவறுப்பு முதல் வாயிலேயே சரியில்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு புளிப்பு, மூன்று நாள் ஆன தோசை மாவின் மேல்தண்ணீர் மாதிரி. அதன் பின்னால் மருந்துப் பஞ்சு வாடை. மற்ற இரண்டிலும் அதுவே இருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களில் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தது. ஜாடி அப்போது கெட்டிருக்க வேண்டும்.

அய்யாதுரை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"முன்னைக்கு இப்பம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றார் அய்யாதுரை.

நானும் தலையாட்டினேன். நோட்டில் எட்டு, எட்டு, ஏழு என்று எழுதினோம். திரும்பி வரும்போது திரு.வி.க. பாலத்துக்கு முன்னால் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நின்று பேசினோம். செத்துப் பிழைத்து வந்த மனுஷன், முதல் தடவையே கெட்டுப்போச்சு என்று எப்படிச் சொல்வது என்றார் அய்யாதுரை. அடுத்த தடவை தானாகச் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். அப்படி எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டில் என் மனைவி ஜானு, ஏன் முகம் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று கேட்டாள். வெயில் என்றேன்.

பங்குனியில் போனபோது அவர் வேறு ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கார்த்திகையில் புதுப்பித்திருக்க வேண்டிய குழாய்கள் காமாலையால் தவறிப்போயிருந்தன. பழைய குழாயிலிருந்தே இப்போது புதுப்பிப்பதா, அல்லது நாங்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஜாடியிலிருந்து எடுத்து வைப்பதா என்பது அவருடைய கேள்வி. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று கிளாஸ்களில் ஊற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"இதுல ரெண்டு ஒண்ணு, ஒண்ணு வேற. எது வேறன்னு சொல்லுங்க. எது நல்லாருக்குன்னும் சொல்லுங்க."

கண்டுபிடிக்க நாக்கே தேவையில்லை. நடுக் கிளாஸில் இருந்தது பழைய குழாயின் ஈஸ்டில் காய்ச்சிய பீர். வாயில் வைத்ததும் இன்னொரு மடக்குக் குடித்தேன். அவ்வளவு சுத்தமாக, ரொட்டி வாசனையோடு, கடைசியில் லேசாகக் கசந்து நின்றது. நாலு மாதமாக அப்படி ஒன்றைக் குடிக்கவில்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. ஓரத்து இரண்டும் புளிப்பு.

"நடுவுல இருக்கதுதான் வேற அண்ணாச்சி" என்றார் அய்யாதுரை.

"சரி. நல்லதா, மட்டமா?"

அய்யாதுரை நடுக் கிளாஸைத் தள்ளி வைத்தார். நல்லசிவம் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

"அது பழசுல்லா. கொஞ்சம் செத்தாப்ல இருக்கு. மத்த ரெண்டும்தான் உசிரா இருக்கு."

நல்லசிவம் என் பக்கம் திரும்பினார். இல்லை என்று சொன்னால் மாசியில் சொன்னதும் பொய் என்றாகிவிடும். அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது.

"எனக்கும் அப்படித்தான் தோணறது" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். குழாயில் இருப்பது தளர்ந்துவிட்டது, தான் பயந்தது சரிதான் என்று சொல்லிக்கொண்டே எழுந்து உள்ளே போனார். பழைய குழாய்கள் நான்கையும் அந்தப் பீரின் மிச்சத்தையும் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் ஆராய்ச்சிக்கூடத்துப் பழக்கம் உள்ளவர், உயிருள்ளதை அப்படியே சாக்கடையில் கொட்டமாட்டார். பிரஷர் குக்கரில் வேகவைத்துத்தான் கொட்டுவார். முத்துலட்சுமியிடம் பழைய குக்கரைக் கேட்டார். தண்ணீர் பிடிக்கிற சத்தம், தீக்குச்சி உரசுகிற சத்தம் எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

முதல் விசில் வருவதற்குப் பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். அய்யாதுரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் எதிர்ச் சுவரில் இருந்த நாள்காட்டியில் அன்றைய ராகுகாலத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுந்து நான்கு எட்டு வைத்தால் சமையலறை. குக்கர் சீறத் தொடங்கியபோது எழுந்தேன். நான் தண்ணீர் கேட்கத்தான் எழுந்தேன் என்று நினைத்து முத்துலட்சுமி சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். விசில் வந்தது.

அன்றே நான்கு புதுக் குழாய்களிலும் ஜாடியிலிருந்து எடுத்து வைத்தார்.

சித்திரையில் பீர் வாயில் வைக்க முடியாமல் போயிற்று. நாங்கள் ஒன்பது போட்டோம். வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் வீட்டுப் பரணில் இருந்த பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. மொத்தம் ஏழு. கீழே நின்றிருந்த முத்துலட்சுமிக்கு முழங்கையில் கண்ணாடி கீறிவிட்டது. ஈஸ்டோடு வேறு ஏதோ சேர்ந்து, நிற்காமல் புளித்தால்தான் பாட்டில் அப்படி வெடிக்கும். அது அவருக்குத் தெரியும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வங்கிக்கு வந்தார். நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்தார்.

"எப்போலேருந்து சார்?"

என்ன என்று நான் கேட்கவில்லை. "மாசியிலேர்ந்து" என்றேன்.

"அந்த மூணு கிளாஸ்ல?"

"தெரிஞ்சுது. நடுவுல இருந்ததுதான் நன்னாயிருந்தது."

டிபன் பாக்ஸின் மூடியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு நாக்கு இல்லேன்னுதான சார் ஒங்ககிட்ட கேட்டேன்" என்றார். பிறகு, சாதம் ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெர்மனிக்குக் கடிதம் எழுதினார். கிழவர் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது, வீட்டை விற்றாகிவிட்டது என்று மகளிடமிருந்து பதில் வந்தது. நல்லசிவத்தின் ஆபீசில் நுண்ணுயிர்ப் பிரிவில் நீரஜா என்றொரு பெண் இருந்தார். கெட்ட ஈஸ்டை அவரிடம் கொடுத்து, பழையது ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவர் மூன்று வாரம் பாடுபட்டு ஆறு வகையாகப் பிரித்துக் கொடுத்தார். ஆறும் சுத்தமானவை. ஆனால் இதில் உங்களுடையது எது, அல்லது உங்களுடையது இதில் இருக்கிறதா என்பதை மைக்ராஸ்கோப்பில் சொல்ல முடியாது, காய்ச்சிக் குடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நல்லசிவம் ஆறு சின்னக் குடுவைகளை ஊதிச் செய்து, ஆறிலும் காய்ச்சினார். எங்களைக் கூப்பிட்டார். கூப்பிடமாட்டார் என்று நினைத்திருந்தோம். ஆனால் வேறு யாரைக் கூப்பிடுவார்? பழைய ருசி தெரிந்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆடி மாதத்தில் நான்கு ஞாயிறும் போனோம். இந்த முறை பொய் சொல்லக் கூடாது என்று வழியிலேயே பேசிவைத்துக்கொண்டோம். முதல் ஞாயிறு நான் நான்காவது என்றேன், அய்யாதுரை ஆறாவது என்றார். அடுத்த ஞாயிறு அய்யாதுரை இரண்டாவதுக்கு மாறினார். எனக்கு நான்காவதிலும் சந்தேகம் வந்துவிட்டது. பங்குனியில் நடுக் கிளாஸில் குடித்த ருசியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ரொட்டி வாசனை என்று வார்த்தையாகத்தான் வந்தது, ருசியாக வரவில்லை. மூன்று மாதம் புளிப்பைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்ன வாய்க்கு, இப்போது ஆறும் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு அப்படியே சொன்னேன். "உண்மையாவே எனக்குத் தெரியலை, நல்லசிவம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னதை நம்பினாரா என்று தெரியவில்லை. நம்பாவிட்டாலும் நான் என்ன சொல்ல முடியும்?

நான்காவது ஞாயிறு நாங்கள் ஒரு சுற்றுக் குடித்து முடித்ததும் அவர் நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டார். நான்காவது குடுவையை எடுத்து முகர்ந்தார். முகம் சுளித்தது. குமட்டலை அடக்கிக்கொண்டு மறுபடி முகர்ந்தார். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டு நனைத்தார். முத்துலட்சுமி சமையலறை வாசலில் வந்து நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த விரலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அய்யாதுரை, "அண்ணாச்சி" என்று எழுந்தார். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு மேஜைமேல் விழுந்தது.

நல்லசிவம் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"போதும்" என்றார்.

ஆறு குடுவைகளையும் கொல்லைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். குக்கரைக் கேட்காமல் உள்ளே இருந்ததை அப்படியே கொட்டிவிட்டு, சோப்புத் தூள் போட்டு, பிரஷ் விட்டு, ஒவ்வொன்றாகக் கழுவினார். முத்துலட்சுமி இரண்டு துண்டுகள் கொண்டுவந்து கொடுத்தார். நானும் அய்யாதுரையும் துடைத்து வரிசையாக வைத்தோம். துடைத்ததில் ஈரம் இருக்கிறதா என்று அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இரண்டைத் திரும்பத் துடைக்கச் சொன்னார். காபி குடித்துவிட்டு ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். எப்போதும் போல கேட் வரை வந்தார். அடுத்த மாதம் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.