பொழுது சாய்ந்தபின் ஒரு தோசை

1978இல் நான் திருவண்ணாமலையில் வக்கீல். கோர்ட்டில் என் வாதம் எடுபட்டதாக எனக்கே நினைவில்லை. ஆனால் கோர்ட்டுக்கு வெளியே, அதுவும் மதத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால், என்னை ஜெயிக்க ஆள் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். என் சிநேகிதர் மொய்னுதீன் பாயும் அதை நம்பியதுதான் வினை.

செங்கம் சாலையில் இருந்த தன் வீட்டு மாடியை அவர் தியோடர் என்ற ஜெர்மன்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்.

"பாதிரியாருக்குப் படிச்சிட்டு நடுவுல வுட்டுட்டு வந்தவரு. கேள்வி ஜாஸ்தி. என்னால ஆவல. நீங்க ஒரு தபா வந்து பேசுங்க வக்கீல் சார்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். அறையில் இருந்த ஒரே நாற்காலியைத் தியோடர் எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அதையே முதல் வெற்றியாக எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"உங்கள் பக்கத்தில் வேதப் புத்தகம் சொன்னால் முடிந்தது. நாங்கள் ஜைனர்கள். அறிவால் சோதிக்காமல் எதையும் ஏற்க மாட்டோம்."

"அப்படி யார் சொன்னது?"

"எங்கள் ஆசாரியர்கள். நூலிலேயே இருக்கிறது."

"ஓ, நூலில் இருப்பதால் சோதிக்கிறீர்கள்?"

அரைகுறை இங்கிலீஷில் புரிந்ததோ, என் முகத்தில் தெரிந்ததோ, கூட இருந்த பாய் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். சிரிப்பை அடக்கும்போது அவர் அப்படித்தான் பார்ப்பார்.

தியோடர் கேலி செய்யவில்லை. குருமடத்தில் ஆறு வருஷம் தர்க்கம் படித்தவராம். வசனமும் பகுத்தறிவும் மோதினால், வசனத்தை நாம்தான் தப்பாகப் படித்திருக்கிறோம் என்பது அங்கே பாடமாம். கடவுள் இருக்கிறார் என்பதை ஓட்டையில்லாமல் நிரூபிப்பாராம். ஒருநாள் அப்படி நிரூபித்துவிட்டு முழங்காலிட்டிருக்கிறார். ஜெபம் வரவில்லை.

"அதனால்தான் இந்த மலையடியில் சும்மா உட்கார வந்தேன். நீங்கள் எதைச் சோதித்தீர்கள்?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் விதி. விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழும், ஒரு உயிர் போகும் என்பார்கள். டியூப்லைட் வந்தபிறகும் அது சரியா என்று நான் கேட்டதே இல்லை.

ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே, தெருவிளக்கு எரிந்ததும், தேரடி ஓட்டலில் போய் உட்கார்ந்தேன். தோசை வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சாம்பாரைக் கிளறினேன். பூச்சி இல்லை. சட்னியை நெருங்கிப் பார்த்தேன். தோசையைத் தூக்கி அடியிலும் பார்த்தேன்.

முதலாளி பலராமன் ஓடிவந்தார். "சார் சுகாதார ஆபீஸுங்களா? மின்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? ஏம்பா, சாருக்கு ஒரு நெய் ரோஸ்ட்டு!"

"இல்லைங்க, நான் வக்கீல்."

"ஐயையோ, கேஸா?"

இப்போது எதிரில் இரண்டு தட்டு. இரண்டிலும் பூச்சி இல்லை. காரணம் போய்விட்டது, இனி சாப்பிட வேண்டியதுதான். ஒரு விள்ளல் வாயில் போட்டேன். தொண்டை வழிவிடவில்லை. வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடினேன். பலராமன் அன்று என்ன நினைத்திருப்பார் என்று இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

என் மனைவி சுனந்தா பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். ஓட்டலுக்கு எதற்குப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "ஆராய்ச்சியில என்னா தெரிஞ்சுது?" என்றாள்.

"பூச்சி இல்ல. ஆனா எறங்கல."

"எனக்கு ராத்திரி சாப்பிடாம இருக்கறது புடிச்சிருக்கு, இருக்கேன். காரணம் உங்களுக்குதான் வேணும். பசியோட படுங்க."

மறுநாள் சாயங்காலம் பாய் வீட்டில் தியோடரிடம் தோல்வியை ஒப்புக்கொண்டேன். அவருக்கும் முகம் சரியில்லை. முந்தின நாள் நான் போனபிறகு மலை சுற்றக் கிளம்பியிருக்கிறார். வழியில் அடி அண்ணாமலை கிராமத்தில் நாய் துரத்தியதாம். அப்போது வாயில் வந்தது, சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த மாதா ஜெபம்.

"ஆறு வருஷத் தர்க்கத்தில் ஒரு வரிகூட வரவில்லை," என்றார் வெட்கத்தோடு.

பாயிடம் தமிழில் சொன்னேன். "நாய் கடிச்சுதான்னு கேளுங்க," என்றார்.

கேட்டேன். கடிக்கவில்லை.

"அது ஜெபத்தாலயா, இவரு ஓடுனதாலயா?"

ஓடியதால்தான் என்றார் தியோடர். ஜெபத்தால்தான் என்றேன் ஜைனனாகிய நான். அந்தச் சண்டை ஒன்றரை வருஷம் நடந்தது. அவர் ஊர் திரும்பிய அன்று, பஸ் ஜன்னலிலிருந்து புதிதாக ஒரு வாதத்தை எடுத்துவிட்டார். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நான் பதிலைக் கத்திக்கொண்டே பின்னால் கொஞ்ச தூரம் ஓடினேன்.