தெருவுக்கு வந்திட்டம்

நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன வீட்டைத் தேடிப் பிடிக்க ஜெசிதா பட்ட பாடு கொஞ்சமல்ல. சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குக் கதவு அகலமாக இருக்கிற வாடகை வீடு லேசில் கிடைக்குமா? போரின் கடைசிச் சண்டையில் முதுகில் பாய்ந்த எறிகணைத் துண்டு அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் செய்துவிட்டது. அதே சண்டையில் கண்பார்வையை இழந்த தர்சினியும் அவளும் அங்கே ஒன்றாகச் சீவித்தார்கள். ஜெசிதா கைமெசினில் சட்டை தைப்பாள். தர்சினி விரலால் தடவிப் பொத்தான் வைப்பாள். இடையிடையே சண்டையும் பிடிப்பார்கள்.

படுக்கைப்புண் வந்து ஜெசிதா ஆசுப்பத்திரியில் கிடக்க, தையல் நின்றது. வாடகையும் நின்றது.

"பிள்ளை, மாசம் முடிய வீட்டை விடுங்கோ. கடை போட ஆள் கேக்குது" என்றார், ஜெசிதா வீடு திரும்பியதும் வந்த வீட்டுக்காரர் அருளம்பலம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு வாடகை உதவி கொடுக்கும் நிறுவனம் ஒன்று பக்கத்தில்தான் இருந்தது. தர்சினி நாற்காலியைத் தள்ள, ஜெசிதா வழி சொல்ல, இருவரும் போனார்கள். அங்கே பதிவு எடுக்கிற வாகீசன் மரியாதையான பெடியன்.

"இது வீடில்லாத ஆக்களுக்கு, அக்கா. நீங்கள் இப்ப வீட்டிலைதானே இருக்கிறியள்? தெருவுக்கு வந்தால்தான் பதியலாம்."

"தெருவுக்கு வராமல் இருக்கத்தானே தம்பி உதவி கேக்கிறன்?"

"விதி அப்பிடி, அக்கா. மயிலிட்டியிலை உங்கடை அண்ணை இருக்கிறாராமே?"

"றெஜி அண்ணையின்ரை வீட்டிலை நான் பாரம். இஞ்சை நான் வாடகைக்காறி."

திரும்பும் வழியில் ஜெசிதா வழி சொல்ல மறந்து, நாற்காலி ஒரு கல்லில் இடித்தது.

"அழுறியோடி?" என்றாள் தர்சினி.

"இல்லை. யோசிக்கிறன்."

"அப்ப ஆருக்கோ கெட்ட காலம்."

திங்கட்கிழமை காலை பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று நிறுவனத்தின் வாசலில் வந்து நின்றது. தையல் மெசின், பாய்கள், காஸ் அடுப்பு, அந்தோனியார் படம், பிள்ளையார் படம் எல்லாம் விறாந்தையில் இறங்கின. வாகீசன் ஓடி வந்தான்.

"என்னக்கா இது?"

"நீங்கள் சொன்னபடி தெருவுக்கு வந்திட்டம். பதியுங்கோ."

தர்சினி அடுப்பை மூட்டினாள். "தம்பி, உங்களுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். குருநகரில் கடற்றொழில் செய்து ஒரு கையை இழந்த சிமியோன் எழுந்து வந்து அவளருகே குந்தினார். "எனக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பினவை, பிள்ளை. எனக்கு ஒரு பிளேன்ரீ."

"படலைக்கு வெளியிலை போய் இருங்கோ அக்கா" என்று வாகீசன் கெஞ்சினான்.

"பொலிசைக் கூப்பிடுங்கோ. நாற்காலியோடை என்னைத் தூக்கிக்கொண்டு போகட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண் படலையிலேயே இருந்தது. சிறுநீர்க் குழாயில் மாட்டியிருந்த சலப்பை வேறு நிரம்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனால் தோற்ற மாதிரி. தர்சினி போர்வை ஒன்றை மறைப்பாக விரித்துப் பிடிக்க, அந்த விறாந்தையிலேயே பையை மாற்றினாள். வெட்கம் கழுத்துவரை ஏறியது. ஆனாலும் அவள் தலை குனியவில்லை. எல்லோரும் மற்றப் பக்கம் திரும்பினார்கள். முதலில் திரும்பியவன் வாகீசன்.

அதன் பிறகு அவன் உள்ளே போய் மேலதிகாரியோடு தொலைபேசியில் சத்தமாகக் கதைத்தது விறாந்தைவரை கேட்டது. "மேடம், நீங்கள் வந்து அவைக்குச் சொல்லுங்கோ. என்னாலை ஏலாது!"

மத்தியானம் திரும்ப வெளியே வந்தான். "வீடு பறிபோகப்போற ஆக்களையும் பதியலாமாம்."

"சிமியோன் அண்ணையை?"

"அவரையும்தான்."

"அப்ப வாடகையை நீங்கள் கட்டுறியள் எண்டு வீட்டுக்காரருக்கு இப்பவே போன் எடுத்துச் சொல்லுங்கோ. அவர் ஓமெண்ட பிறகுதான் சாமான் ஏறும்."

பின்னேரம் லாண்ட்மாஸ்ரர் திரும்பியபோது அருளம்பலம் படலையைத் திறந்துகொண்டு நின்றார். "நான் கெட்டவன் இல்லை, பிள்ளை. எனக்கும் வாடகைதானே சீவியம்."

"நீங்கள் நல்லவர்தான், அண்ணை. அதுதான் கேக்கிறன், படலையிலையிருந்து வீட்டுக்கு வாற வழிக்குச் சீமெந்து போட்டுத் தாங்கோ. மழைக்குச் சில்லு புதையுது."

அருளம்பலம் குனிந்து வழியைப் பார்க்க, பின்னாலிருந்து தர்சினியின் குரல் வந்தது.

"குசினிக் கூரையையும் கேளடி. ஒழுகுது!"