நாலு பக்கத்தின் எடை

1953ஆம் வருஷம் ஆடி மாதம் திண்டிவனம் தபால் ஆபீஸின் தராசு ஒரு சிறுகதையின் பாரம் தாங்காமல் உடைந்தது. கதை நாலு பக்கம், தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதியது. எழுதியவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சக்கரபாணி. சின்ன வயதில் பிரிந்துபோன அண்ணனும் தம்பியும், ஒருவர் வக்கீலாகவும் மற்றவர் குற்றவாளியாகவும் கோர்ட்டில் சந்தித்துக்கொள்ளும் கதை அது. வீட்டை விட்டுப் புறப்படும்போது உறை கொஞ்சம் கனக்கிறது என்று மட்டும்தான் அவருக்குத் தோன்றியது. கடைத்தெருவைத் தாண்டும்போது அதைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். தபால் ஆபீஸ் படியேறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. போஸ்ட் மாஸ்டர் தேவநாதன் வாங்கித் தராசில் வைத்தார். சங்கிலி அறுந்து தட்டு அவர் கால் பக்கத்தில் விழுந்தது. உறையைப் பிரித்தால் உள்ளே கருங்கல் பலகை, அதன்மேல் சக்கரபாணியின் குண்டு குண்டான கையெழுத்து. தேவநாதன் கதை படிக்கிற மனுஷர். அங்கேயே நின்று முழுவதையும் படித்து முடித்து, "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இத்த நான் முன்னாடியே எங்கியோ படிச்சிருக்கேனே" என்றார். கல்லை புக்போஸ்டில் அனுப்ப விதி உண்டா என்று புத்தகத்தைப் புரட்டினார். இல்லை.

ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. திருவக்கரைப் பக்கத்திலிருந்து மூட்டை கொண்டுவந்த விவசாயி ஒருவர் கல்லைத் தட்டிப் பார்த்து, எங்கள் பக்கம் மரமே கல்லாகிக் கிடக்கிறது, காகிதம் ஆகாதா என்று கேட்டுவிட்டு எடைபோடும் வரிசைக்குப் போய்விட்டார். அந்த விளக்கம் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. போகப் போகத்தான் கணக்குப் புரிந்தது. சக்கரபாணி எழுதுகிற கதையை அவருக்கு முன்னால் உலகத்தில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்களோ, அதற்குத் தக்கபடி தாள் கனத்தது. மண்டிக் கணக்கு எழுதினால் தாள் தாளாகவே இருந்தது. ரயில்வேக்கு வேகன் கேட்டு எழுதும் விண்ணப்பமும் அப்படியே. கதை என்று உட்கார்ந்தால்தான் வினை.

வெறும் அச்சு ஆசை என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். இதில் அவர் மனைவி கிருஷ்ணவேணி மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகையூர்ப் பெண். 1952இல் கல்யாணம் நடந்தபோது மாமனார் பந்தலில் வந்தவர் போனவரிடமெல்லாம், "நம்ம மாப்பிள்ளை கதை எழுதுறவரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் புஸ்தகத்தில் என்று யாரோ கேட்டார்கள். வருகிற பொங்கலுக்கு வரும் என்று சக்கரபாணி சொல்லிவிட்டார். பொங்கல் வந்தது, கதை வரவில்லை. 1954இல் அண்ணன் பாண்டுரங்கனின் பெண்சாதிக்குப் பிரசவம் என்று கிருஷ்ணவேணி முகையூர் போனாள். போன பெண்ணைப் புருஷன் போய் அழைத்துவருவதுதான் வழக்கம். கூப்பிடாமல் தானாக வந்தால் அவளுக்கு மரியாதை இல்லை. அச்சில் பேர் இல்லாமல் போய் நின்றால் அவருக்கு மரியாதை இல்லை. எப்ப வருவாருன்னு கேட்டுக்கினு வா என்று இரண்டு மூன்று முறை மண்டிக்கு வரும் வண்டிக்காரர்களிடம் சொல்லி அனுப்பினாள். ஒரு கதை சரியாக வந்ததும் அதை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று இவர் திருப்பிச் சொல்லி அனுப்பினார். அப்புறம் அங்கிருந்து கேள்வி வருவது நின்றுபோனது. அவளுடைய டிரங்குப் பெட்டி போன இடத்தில் சுவரில் ஒரு வெள்ளைச் சதுரம் மிச்சமிருந்தது, அதுவும் இரண்டு மழைக்காலத்தில் மங்கிவிட்டது.

சக்கரபாணி முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்தவர் கதை தலையில் ஏறுவதால்தான் இப்படி ஆகிறது என்று இரண்டு வருஷம் எதையும் படிக்காமல் இருந்தார். முடிவெட்டும் கடையில் கிடக்கும் பழைய பத்திரிகையைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல் குறையவில்லை. சரி, எல்லாவற்றையும் படித்துவிட்டால் அதையெல்லாம் தவிர்த்துவிடலாம் என்று அடுத்த இரண்டு வருஷம் லைப்ரரியே கதியாகக் கிடந்தார். கல் இன்னும் கொஞ்சம் கனத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய், பாண்டிச்சேரி வண்டிக்குக் காத்திருப்பவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டார். ஒரு பெண் மூட்டைமேல் தலைசாய்த்து சத்தமில்லாமல் அழுவதைப் பார்த்து மனம் கனத்துப்போய், வந்தவுடன் எழுதினார். அவள் அழுதது நிஜம். ஆனாலும் கல்தான். ஒரு வெள்ளாடு கலெக்டராக வேலைக்குச் சேர்கிற கதை செங்கல் கனம் இருந்தது. மனுஷரே இல்லாமல், ஒரு நாற்காலியை மட்டும் வைத்து எழுதிய கதை ஒரு தராசுப் படிக்கல் எடைக்கு இறங்கியது. அன்றைக்கு ஓட்டலில் இரண்டு காபி குடித்தார். புதிதாக ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன் என்று மண்டிக்கு வருகிறவர்களைக் கேட்டால், ஆளாளுக்கு மச்சானோடு நடக்கும் வரப்புத் தகராறைச் சொல்லி, பேரை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு டம்ளர் கழுவி, சிம்னி விளக்கின் முன்னால் உட்கார்ந்து எழுதி முடிப்பார். முடித்ததும் படித்துக்காட்ட ஆள் இருக்காது. கல்லாவதற்கு முன்னால் சுவரைப் பார்த்து ஒரு தரம் உரக்கப் படித்துவிடுவார்.

கற்கள் வீணாகவில்லை. மண்டியின் வண்டிக்காரன் சவுரிராயன் மாசத்துக்கு ஒரு தரம் வந்து ஏற்றிக்கொண்டு போவான். துப்பறியும் கதைகள் சொரசொரப்பாக இருந்ததால் சாக்கடை மேல் பாவ உதவின. தாயின் தியாகம் பற்றி எழுதியதை நகர்த்த இரண்டு ஜோடி மாடு வேண்டியிருந்தது. அதை வண்டிகள் திரும்பும் முக்கில் போட்டு, இனி எந்த வண்டியும் சுவரை இடிக்காது என்று திருப்திப்பட்டார்கள். காதல் கதைகள் வழவழவென்று இருக்கும். ஏரிக்கரையில் துணி துவைக்கிற பெண்கள் அவற்றுக்குத்தான் போட்டி போட்டார்கள். அம்சவள்ளி என்பவள் தினமும் துவைத்த கல்லில் மூன்றாம் மாதம் கதாநாயகன் முழுக்கத் தேய்ந்துபோய்க் கதாநாயகி மட்டும் கடைசிப் பத்தியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தேய்க்க மனசு வராமல் அம்சவள்ளி பக்கத்துக் கல்லுக்கு மாறிக்கொண்டாள்.

இப்படியே 1964ஆம் வருஷம் வந்தது. பங்குனி வெயிலில் கல் ஏற்ற வந்த சவுரிராயன், கொடியில் சாயம் போன ஒற்றை வேட்டி காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

"ஊரே உங்க கல்லுலதான் தொவைக்கிது சார். உங்க துணியத் தொவைக்கத்தான் ஆளு இல்ல. அம்மாவப் போயி இட்டுக்கினு வரக்கூடாதா?"

பத்து வருஷத்தில் அதை அவரிடம் கேட்ட முதல் ஆள் அவன்தான். மற்றவர்கள் கேட்டால் தப்பாக நினைப்பார் என்று இருந்துவிட்டார்கள். சக்கரபாணி அன்று கதையை நினைக்கவில்லை. அவருக்குத் துக்கமாக இருந்தது. ரொம்ப நாளாகவே அப்படித்தான் இருந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. ஒரு தாளை எடுத்து, 'கிருஷ்ணவேணி, நீ இல்லாமல் எனக்கு இங்கே இருக்க முடியவில்லை. வந்துவிடு' என்று எழுதினார். கையெழுத்துப் போடுவதற்குள் மேஜையின் நாலு காலும் முறிந்தன. தாள் தரையில் விழுந்து, சிமெண்டை உடைத்துக்கொண்டு, மண்ணுக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. சவுரிராயன் வண்டிக் கயிறு முழுவதையும் விட்டுப் பார்த்தான்; அடி தட்டவில்லை. அவர் அதுவரை எழுதியதிலேயே கனமானது அந்த இரண்டு வரிதான் என்று தேவநாதன் பிறகு தீர்மானமாகச் சொன்னார். சில நாளில் ஓட்டையில் தண்ணீர் ஏறியது, நல்ல தண்ணீர். அந்தக் கோடையில் தெருவே குடத்தோடு அவர் கூடத்துக்குள் வந்து மொண்டுகொண்டு போனது. வந்தவர்கள் காலை ஓரமாக வைத்து நடங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களே தவிர, அவரோடு பேச நேரமில்லை.

கடிதம் போகாது என்று ஆன பிறகு ஆளே போவதைத் தவிர வேறு வழியில்லை. கையில் பத்திரிகை எதுவும் இல்லாமல் அவர் பஸ் ஏறினார். விழுப்புரத்தில் வண்டி மாறி, மத்தியானம் முகையூரில் இறங்கினார். மாமனார் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பாண்டுரங்கனின் பெண்சாதி இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள். கிருஷ்ணவேணி கொல்லையில் மல்லாட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள்; முன்நெற்றியில் நரை. வாங்க என்றாள். அவர் உட்கார்ந்ததும், எழுதிய அந்த இரண்டு வரியையும் வாயால் சொன்னார். தரை அப்படியே இருந்தது. அவள் வெந்த மல்லாட்டையை ஒரு தட்டில் கொட்டி எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இத்த அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா பெட்டியத் தூக்கிக்கினு பின்னாலியே வந்திருப்பேன். புஸ்தகத்த யாரு கேட்டா உங்கள?" என்றாள். தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "இப்ப அண்ணன் புள்ளைங்க ரெண்டும் என்னத்தான் அம்மான்னு கூப்புடுதுங்க. உட்டுட்டு நான் எங்க வர்றது, சொல்லுங்க" என்றாள்.

பேச்சில் கோபம் இல்லை. பேசிக்கொண்டே மல்லாட்டையை ஒவ்வொன்றாக உரித்து, சூடு ஆற ஊதி, சின்னப் பிள்ளைக்கு வைப்பதுபோல அவர் பக்கம் வைத்துக்கொண்டே இருந்தாள். வரமாட்டேன் என்பதை அவள் மூன்று விதமாகச் சொல்லி முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிட்டது. அவரும் வைத்ததையெல்லாம் ஒன்று விடாமல் தின்றுவிட்டார். நீங்கள் வேண்டுமானால் இங்கே இருங்களேன் என்று அவள் சொல்லவில்லை. இருக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

திண்டிவனம் வந்து, குடத்தோடு நின்றவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், சக்கரபாணி அதை எழுதினார். ஒரு பெண் ஒருவனிடம் வரமுடியாது என்று சொல்கிறாள், சொல்லிக்கொண்டே மல்லாட்டை உரித்து வைக்கிறாள், அவன் தின்கிறான். அவ்வளவுதான் கதை. நாலு பக்கம் வந்தது. எழுதி முடித்துவிட்டு, வழக்கம்போல நகர்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. தாள் படபடத்து, மேல் பக்கம் எழுந்து, கூடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒருத்தியின் குடத்தின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பிரித்தெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பத்து வருஷமாக ஏங்கிய ஒன்று கையில் இருந்தபோது, அதை எடுத்துக்கொண்டு போய் யாரை அழைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் தபால் ஆபீஸில் தேவநாதன் உறையைப் புதுத் தராசில் வைத்தார். முள் அசைந்த மாதிரியே தெரியவில்லை.

"உள்ள ஏதாவது வெச்சீங்களா சார்?" என்று கேட்டார்.

கதை 1965இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. அதற்குப் பிறகு சக்கரபாணி எழுதியதெல்லாம் பழையபடி கல்லானது, சவுரிராயனும் பழையபடி வந்து ஏற்றிக்கொண்டு போனான். பத்திரிகை ஆபீஸிலிருந்து வந்த இரண்டு பிரதிகளில் ஒன்றை முகையூருக்குத் தபாலில் அனுப்பினார். கூடவே ஒரு வரி எழுதி வைக்கலாம் என்று பேனாவை எடுத்தவர், தபால்காரரின் முதுகை நினைத்துப் பார்த்து மூடிவிட்டார்.

முகையூரில் கிருஷ்ணவேணிக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். பாண்டுரங்கனின் மகள் அஞ்சம்மாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கொல்லையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்துக்காட்டினாள். கிருஷ்ணவேணி கேப்பை புடைத்துக்கொண்டே கேட்டாள். படித்து முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் நடந்தது நடந்தபடி கீது. அவரு அழுதத மட்டும் உட்டுட்டாரு" என்றாள்.

பிறகு பத்திரிகையைப் பரண்மேல் வைக்கச் சொன்னாள். அஞ்சம்மாள் எம்பி நின்று வைத்தாள். பரண் தாங்கியது.